ஐம்பது ரூபாய் மிச்சம்

ஆயில் சர்வீஸ் பில்லில் இருப்பதிலேயே சின்னத் தொகை ஆயில் ஃபில்டருக்குத்தான். சாதாரண மாருதி பெட்ரோல் கார் ஒன்றுக்கு மூன்று லிட்டருக்குச் சற்று மேல் ஆயில் பிடிக்கும். அதற்கே ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிவிடும். கூலி தனி. ஃபில்டர் நூறு ரூபாயை ஒட்டி நிற்கும். ஆனால் பேரம் என்று வந்தால் முதலில் அந்த வரியில்தான் விரல் வைப்பார்கள். "அண்ணே, கடையில அறுபது ரூபாய்க்கே கிடைக்குதாமே, அதையே வாங்கிப் போட்டுடலாமா?" என்பார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆயிலுக்குப் பெயர் உண்டு, விளம்பரம் உண்டு. ஃபில்டர் வெளியே பார்த்தால் பெயின்ட் அடித்த தகர டப்பா. இரண்டு டப்பாவையும் பக்கத்தில் வைத்தால் ஒரே உயரம், ஒரே மரை, ஒரே ரப்பர் வளையம். எதற்காக ஐம்பது ரூபாய் கூடக் கொடுக்க வேண்டும்?

அம்பத்தூர் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு "ஒரிஜினல்தான் நல்லது" என்று ஒரே வரியில் பதில் சொல்லி அனுப்புவது எனக்குப் பிடிக்காது. விலை கூடினால் தரமும் கூடும் என்பது எல்லா விலைக்கும் பொருந்தாது. ஒரு கட்டம் வரைக்கும் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் டப்பாவுக்குள் ஒரு பொருள் இருக்கிறது. அதற்கு மேல் கொடுப்பது பெட்டிக்கும் பெயருக்கும். அந்தக் கட்டம் எங்கே முடிகிறது என்பதை டப்பாக்களை அறுத்துப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

நான் தொழில் பழகிய காலத்தில் பட்டறைக்கு வரும் வண்டிகளில் பாதி அம்பாசடர். பழைய 1489 சிசி இன்ஜின். அதில் ஃபில்டர் என்பது ஓர் இரும்புக் கிண்ணம், நடுவில் நீளமான போல்ட். போல்ட்டைக் கழற்றினால் கிண்ணம் ஆயிலோடு கையில் வந்துவிடும். உள்ளிருக்கும் எலிமென்ட்டை எடுத்துவிட்டு, கிண்ணத்தை டீசலில் கழுவி, அடியில் ஸ்பிரிங்கும் வாஷரும் வரிசைப்படி இருக்கின்றனவா என்று பார்த்து, மேல் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்து, புதியதை உட்கார வைக்க வேண்டும். கை முழங்கை வரை ஆயிலாகிவிடும். ஆனால் எங்கள் வாத்தியார் பழைய எலிமென்ட்டைச் சும்மா தூக்கிப் போட விடமாட்டார். மடிப்பை விரித்து வெளிச்சத்தில் காட்டுவார். "இன்ஜினுக்குள்ள என்ன தேயுதுன்னு இதுதான்டா சொல்லும், இதைப் படிக்கக் கத்துக்கோ" என்பார்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதோடு, முழுக்க மூடிய, திருகி மாட்டும் டப்பா ஃபில்டர் நம் ஊர்ப் பட்டறைகளில் பரவலாயிற்று. வேலை சுலபமானது. கை அழுக்காவது குறைந்தது. கூடவே, ஃபில்டருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கும் பழக்கமும் போனது. வாங்கும்போதும் உள்ளே பார்க்க முடியாது, கழற்றிப் போடும்போதும் யாரும் பார்ப்பதில்லை. மட்டமான சரக்கு நுழைய இதைவிட நல்ல வழி கிடையாது.

அந்த டப்பாவுக்குள் நடப்பது இதுதான். இன்ஜின் அடித்தொட்டியான சம்ப்பில் இருக்கும் ஆயிலை பம்ப் இழுத்து ஃபில்டருக்குத் தள்ளுகிறது. டப்பாவின் முகத்தில் வட்டமாக இருக்கும் சின்னத் துளைகள் வழியே ஆயில் உள்ளே போய், மடிப்பு மடிப்பான காகிதத்தின் வெளிப்புறத்திலிருந்து உள்புறத்துக்கு ஊறி, நடுவிலுள்ள மரைத் துளை வழியே வெளியேறி, கிராங்க் பேரிங்குகளுக்கும் கேம் ஷாஃப்டுக்கும் போகிறது. பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே நிற்கும் ஆயில் படலம் சில மைக்ரான்தான். மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். கண்ணுக்குத் தெரிகிற தூசியைவிட, அந்தப் படலத்துக்குள் நுழையும் அளவுக்குச் சிறிதாகவும், இரண்டு பக்கமும் உரசும் அளவுக்குப் பெரிதாகவும் இருக்கிற 5 முதல் 20 மைக்ரான் துகள்கள்தான் இன்ஜினைத் தேய்ப்பவை.

1988இல் வாகனப் பொறியாளர்களின் எஸ்.ஏ.இ. அமைப்பின் வழியே வெளியான ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வு ஒன்று இத்தொழிலில் இன்றும் பேசப்படுகிறது. 40 மைக்ரான் ஃபில்டரோடு ஒப்பிட்டால், 30 மைக்ரான் ஃபில்டர் போட்டபோது தேய்மானம் பாதியாகக் குறைந்தது. 15 மைக்ரானில் 70 சதவீதம் குறைந்தது. ஆக, அந்தக் காகிதம் எப்படிப்பட்டது என்பது இன்ஜினின் ஆயுளைப் பற்றிய கேள்வி.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஃபில்டர் காகிதம் சல்லடை மாதிரி ஒரே அளவு ஓட்டை போட்ட பொருள் இல்லை. நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். ஒரே அளவுத் துகளில் சிலது சிக்கும், சிலது நழுவிப் போகும். அதனால் "20 மைக்ரான் ஃபில்டர்" என்று மட்டும் சொன்னால் எதுவும் சொன்னதாகாது. 20 மைக்ரான் துகளில் நூற்றுக்கு 50 பிடித்தாலும் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம், 95 பிடித்தாலும் சொல்லிக்கொள்ளலாம். எத்தனை பிடிக்கிறது என்பதுதான் தரம். அதை அளக்க ஐ.எஸ்.ஓ. 4548-12 என்ற சோதனை முறையே இருக்கிறது.

இனி அறுத்துப் பார்த்த கதை. பழைய ஃபில்டரை ஹேக்ஸா பிளேடால் அறுக்கக் கூடாது. இரும்புத் தூள் காகிதத்தில் விழுந்து, எது இன்ஜினிலிருந்து வந்தது, எது பிளேடிலிருந்து வந்தது என்று தெரியாமல் போய்விடும். குழாய் வெட்டுகிற கட்டர் போல, சுற்றி வந்து தகரத்தைப் பிளக்கும் கட்டர் வேண்டும். ஒரே மாடல் காருக்குப் போடுகிற இரண்டு ஃபில்டர்களை, ஒன்று கம்பெனி ஒரிஜினல், இன்னொன்று கடையில் லோக்கல் என்று விற்பது, மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்தேன். இரண்டுமே ஒரு சர்வீஸ் ஓடியவை.

ஒரிஜினலில் மடிப்புகள் நெருக்கமாக, ஒரே சீராக நின்றன. காகிதம் கறுத்திருந்தாலும் கையால் இழுத்தால் கிழியவில்லை. லோக்கலில் மடிப்புகள் எண்ணிக்கையில் குறைவு. நடுநடுவே இடைவெளி. ஆயில் அழுத்தத்தில் சில மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சாய்ந்து கிடந்தன. சாய்ந்த இடத்தில் காகிதம் வேலை செய்வதில்லை. காகிதத்தின் இரண்டு முனைகளும் சேரும் தையலில் பசை விட்டிருந்தது. நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. மற்ற மடிப்புகள் எவ்வளவு நன்றாக வடிகட்டினாலும் இந்தப் பிளவு வழியே ஆயில் அப்படியே உள்ளே போகும். எது சுலபமான வழியோ அதில்தான் ஆயில் ஓடும்.

அடுத்தது 'நான்-ரிட்டர்ன்' வால்வு. துளைகளுக்கு உள்பக்கம் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் மெல்லிய ரப்பர். வண்டி நின்ற பிறகு ஃபில்டருக்குள் இருக்கும் ஆயில் சம்ப்புக்குத் திரும்பிவிடாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. ஃபில்டர் படுத்த நிலையிலோ தலைகீழாகவோ மாட்டப்படும் இன்ஜின்களில் இது முக்கியம். ஒரிஜினலில் அந்த ரப்பர் இன்னும் வளைந்து கொடுத்தது. லோக்கலில் சூட்டில் இறுகி, வளைத்தால் உடைந்தது. அந்த நிலையில் ராத்திரியெல்லாம் ஆயில் வடிந்து, காலையில் சாவியைத் திருப்பும்போது ஃபில்டர் காலியாக இருக்கும். அது நிரம்பும் வரை பேரிங்குக்கு ஆயில் போகாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று நொடி 'கடகட'வென்று கேட்டு அடங்குகிற சத்தத்துக்கு இதுவும் ஒரு காரணம். "சூடானா சரியாயிடுதுண்ணே" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். தேய்மானம் அந்த நொடிகளிலும் நடக்கிறது.

மூன்றாவது பைபாஸ் வால்வு. இதைப் புரிந்துகொண்டால்தான் மலிவு ஃபில்டரின் ஆபத்து முழுதாகப் புரியும். காகிதம் அடைத்துக்கொண்டாலோ, ஆயில் கெட்டியாக இருந்தாலோ, இன்ஜினுக்கு ஆயில் போகாமல் நின்றுவிடக் கூடாது. அதனால் அழுத்த வித்தியாசம் ஒரு பாரை ஒட்டி ஏறியதும் இந்த வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே அனுப்பும். ஆயிலே இல்லாமல் ஓடுவதைவிட அழுக்கு ஆயிலில் ஓடுவது மேல் என்பது அதைச் செய்தவர்களின் கணக்கு. சரியான கணக்குதான். ஆனால் காகிதப் பரப்பு குறைந்த ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். சீக்கிரம் பைபாஸ் திறக்கும். அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் கிலோமீட்டர்களில் வண்டிக்கு ஃபில்டர் இருந்தும் இல்லாததுபோல்தான். டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது. ஆயில் லைட் பார்ப்பது அழுத்தத்தை மட்டும்தான். பைபாஸ் திறந்திருந்தால் அழுத்தம் சரியாகவே இருக்கும்.

மட்டமான ஃபில்டர் போட்ட வண்டி மறுநாள் நின்றுவிடுவதில்லை. அதனால்தான் அது விற்கிறது. "ரெண்டு வருஷமா இதைத்தான் போடுறேன், ஒண்ணும் ஆகலையே" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. சேதம் எழுபதாயிரம், எண்பதாயிரம் கிலோமீட்டரில் ஆயில் குடிப்பதாகவும், பேரிங் சத்தமாகவும் வரும்போது, அதற்கும் அறுபது ரூபாய் டப்பாவுக்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது. வண்டி அதற்குள் கை மாறியும் இருக்கலாம். வாங்கியவர் தலையில் விடியும்.

டிராவல்ஸ் வைத்திருக்கும் ஒருவர் தன் டீசல் டிசையர்களை என்னிடம் கொண்டுவந்தார். 1248 சிசி இன்ஜின். இதில் டப்பா இல்லை. பிளாஸ்டிக் மூடி போட்ட கூட்டுக்குள் காகித எலிமென்ட்டை மட்டும் மாற்ற வேண்டும். மொத்தமாக வாங்கினால் மலிவு என்று எலிமென்ட்டை டஜன் கணக்கில் எங்கோ வாங்கி, டிரைவர்களை விட்டே மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு வண்டியில் காலை ஸ்டார்ட்டில் டைமிங் செயின் சத்தம். மூடியைத் திறந்தேன். எலிமென்ட்டின் மேல் மூடி காகிதத்தை விட்டுத் தனியாகக் கழன்று நின்றது. மடிப்புகள் அலை அலையாக நெளிந்திருந்தன. மூடியிலிருந்த ஓ-ரிங் தட்டையாகி, கல் மாதிரி இறுகியிருந்தது. மலிவு எலிமென்ட்டோடு புது ஓ-ரிங் வரவே இல்லையாம், பழையதையே திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். அந்த இன்ஜினில் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. செயின் தேய்ந்ததற்கு ஃபில்டர் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆயிலும் கெடு தாண்டி ஓடியிருந்தது. ஆனால் செயின் செட், டென்ஷனர், கூலி எல்லாம் சேர்ந்து வந்த பில்லில், அந்த வண்டிக்கு ஆயுள் முழுக்க நல்ல ஃபில்டர் போட்டிருக்கலாம். அவருக்கே அது தெரிந்தது. அதற்குப் பிறகு அவர் வண்டிகளில் ஒவ்வொரு சர்வீஸிலும் பழைய எலிமென்ட்டை விரித்துப் பார்த்துவிட்டுத்தான் புதியதைப் போடுகிறோம்.

இனி காசுக் கணக்கு. அறுபது ரூபாய் ஃபில்டருக்கும் நூற்றுப்பத்து ரூபாய் ஃபில்டருக்கும் வித்தியாசம் ஐம்பது ரூபாய். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றினால், கிலோமீட்டருக்கு அரை பைசா. லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் வண்டி, பெட்ரோல் நூறு ரூபாய் என்றால், கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய் குடிக்கிறது. அதே 10,000 கிலோமீட்டருக்கு 50,000 ரூபாய் பெட்ரோல் போடுகிறவர் மிச்சம் பிடிப்பது 50 ரூபாய். இதில் எனக்கு வருத்தம் தருவது, அதே பில்லில் இன்ஜின் ஃப்ளஷ்ஷுக்கும் ஆயிலில் கலக்கும் ஏதோ மருந்துக்கும் நானூறு, ஐந்நூறு என்று யோசிக்காமல் கொடுப்பது. நேரத்துக்கு ஆயில் மாற்றிய இன்ஜினுக்கு அவை இரண்டும் தேவையில்லை. அந்தப் பணத்தில் பத்து சர்வீஸுக்கு ஃபில்டர் வித்தியாசத்தைக் கட்டலாம்.

மறுபக்கமும் உண்டு. வெளிநாட்டு ஃபில்டர், சிந்தெடிக் மீடியா, ஆயிரம் ரூபாய்க்கு மேல் என்று வாங்கி வருகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். வண்டி மேல் அவர்கள் வைத்திருக்கும் ஆசையை மதிக்கிறேன். அந்தப் பொருளும் நல்ல பொருள்தான். கண்ணாடி நார் மீடியா சிறு துகள்களை நன்றாகப் பிடிக்கும், நீண்ட தூரம் தாங்கும். ஆனால் 10,000 கிலோமீட்டரிலேயே கழற்றிப் போடப் போகிற வண்டிக்கு, 20,000 தாங்கும் ஃபில்டருக்குப் பணம் கொடுத்தால் பாதிப் பணம் குப்பைக்கூடைக்கு. மரை பொருந்துகிறது என்பதற்காக வேறு காரின் ஃபில்டரை மாட்டுவது இன்னும் மோசம். பைபாஸ் எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்பது இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். மரை ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஸ்பிரிங் வேறாக இருக்கும். பெரிய டப்பா நல்லது என்று பெரிதாக மாட்டுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

டீசல் வண்டிக்காரர்கள் ஒரு புகாரோடு வருவார்கள். ஆயில் மாற்றிய மறுநாளே கறுத்துவிட்டது, ஃபில்டர் சரியில்லை என்பார்கள். அந்தக் கறுப்பு டீசல் புகைக்கரி. ஒரு மைக்ரானுக்கும் குறைவான துகள். எந்தக் காகித ஃபில்டரும் அதைப் பிடிக்காது. அதை ஒன்றுசேர விடாமல் மிதக்க வைத்திருப்பது ஆயிலில் இருக்கும் ரசாயனத்தின் வேலை. நிறத்தைப் பார்த்து ஃபில்டரை எடை போட முடியாது.

அப்படியானால் எது சரியான விலை? என் பட்டறையில் இரண்டு வகைதான். ஒன்று, கார் கம்பெனி பெயரில் வரும் ஒரிஜினல். மற்றது, கார் கம்பெனிகளுக்கே ஃபில்டர் செய்து கொடுக்கும் தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்தப் பெயரில் விற்பது. இரண்டாவது பெரும்பாலும் கொஞ்சம் மலிவு. கையில் காசு குறைவாக இருக்கிற ஆம்னி வேன்காரருக்கும் கால் டாக்ஸிக்காரருக்கும் அதைத்தான் சிபாரிசு செய்கிறேன். இன்னொன்றும் சேர்த்துச் சொல்வேன். நடுத்தர ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுவது, உயர்ந்த ஃபில்டரைக் கெடு தாண்டி ஓட்டுவதைவிட நல்லது. சென்னை நெரிசலில் வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தை கிலோமீட்டர் மீட்டர் எண்ணாது. வண்டி குறைவாக ஓடினாலும் வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும்.

வாங்குகிற இடத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஒரிஜினல் விலை கொடுத்தே டூப்ளிகேட் வாங்கிவிடலாம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வருடக்கணக்காக ஒரே கடையில் வாங்குவதற்கு அதுதான் காரணம். பில் கேட்டு வாங்குவேன். பெட்டியில் தயாரித்த மாதம், வருடம், எம்.ஆர்.பி., தயாரிப்பாளர் முகவரி, பார்ட் நம்பர் எல்லாம் தெளிவாக அச்சாகியிருக்க வேண்டும். டப்பாவின் மேல் உள்ள எண்ணும் பெட்டியின் மேல் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பேன். முகத்துளைக்குள் விரலை விட்டு ரப்பரைத் தொட்டுப் பார்ப்பேன். அது மெத்தென்று கொடுக்க வேண்டும். மரையில் பிசிறு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன், ஏனென்றால் அந்தப் பிசிறு வடிகட்டப்பட்ட பக்கத்தில் இருக்கிறது, நேராக பேரிங்குக்குத்தான் போகும். கனமாக இருந்தால் நல்லது என்பது தவறான அளவுகோல். தடித்த தகரம் கனம் காட்டும், காகிதம் காட்டாது.

2015 டிசம்பர் வெள்ளம் இதையெல்லாம் ஒரே மாதத்தில் காட்டியது. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்த வண்டிகள் டோ வண்டியில் வரிசையாக வந்து இறங்கின. ட்ரெயின் நட்டைக் கழற்றினால் பால் கலந்த காபி நிறத்தில் ஆயில் இறங்கியது. காகிதம் தண்ணீரை உறிஞ்சி ஊதிவிடும், ஊதினால் அடைத்துக்கொள்ளும். அதனால் புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மறுபடி இரண்டையும் மாற்ற வேண்டியிருந்தது. கடைகளில் நல்ல ஃபில்டர் தீர்ந்து, பெயர் தெரியாத சரக்கெல்லாம் வெளியே வந்தது. காத்திருக்க முடிந்தவர்களிடம் "ரெண்டு நாள் பொறுங்க சார், சரியான ஃபில்டர் வரட்டும்" என்று சொன்னேன். வெள்ளத்தில் எல்லாவற்றையும் இழந்து நின்றவர்களிடம் அதைச் சொல்வது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்.

நல்ல ஃபில்டர் வாங்கியும் மாட்டுவதில் கோட்டை விட்டால் பயனில்லை. பழைய ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அதன் மேலேயே புதியதை மாட்டினால் ரோட்டில் ஆயில் மொத்தமும் கொட்டிவிடும். புது வளையத்தில் ஆயில் தடவி, கையால் திருகி, வளையம் தொட்ட பிறகு முக்கால் சுற்று. ரிமூவர் என்பது கழற்றுவதற்கு, இறுக்குவதற்கு அல்ல. ட்ரெயின் நட் வாஷரையும் புதிதாகப் போட வேண்டும். இதைப் பட்டறைப் பையன்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவேன்.

எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பெட்டியில் எம்.ஆர்.பி. அச்சிட சட்டம் இருக்கிறது. வாங்குகிறவருக்கு விலை தெரிகிறது. ஆனால் நான் பார்த்த பெட்டிகளில், இந்த ஃபில்டர் எத்தனை மைக்ரான் துகளில் நூற்றுக்கு எத்தனை பிடிக்கும், பைபாஸ் எந்த அழுத்தத்தில் திறக்கும் என்ற இரண்டு வரிகளை அநேகமாகக் கண்டதில்லை. முறையாகச் செய்கிற தயாரிப்பாளரிடம் அந்த எண்கள் கட்டாயம் இருக்கும். அவற்றையும் எம்.ஆர்.பி. பக்கத்தில் அச்சிடட்டும். அப்போது மெக்கானிக் சொல்வதை நம்ப வேண்டிய அவசியமே இல்லாமல், வண்டிக்காரரே இரண்டு பெட்டிகளைக் கையில் வைத்து ஒப்பிட்டு வாங்குவார். அதுவரை, அடுத்த சர்வீஸில் உங்கள் மெக்கானிக்கிடம் பழைய ஃபில்டரை அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. ஐம்பது ரூபாய் எங்கே போகிறது என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.